அடர் பச்சைச் சுவர்: பல்பில் தொடங்கி கடைசி கோட்டிங் வரை

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டும்போது அடர் பச்சைப் பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் அடித்து முடித்ததும் வீட்டில் ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். "என்ன, கறுப்பா இருக்கே?" "கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." "திட்டுத்திட்டா தெரியுதே, இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொல்லேன்." உடனே ஷேட் தப்பு என்று முடிவு கட்டி, அதற்குப் பக்கத்து ஷேட்டைத் தேடிப் போவோம். பெரும்பாலும் ஷேட்டில் கோளாறு இருக்காது. அறையில் எரியும் விளக்கும், பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பட்டி வேலையும்தான் அடர் பச்சையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. வெளிர் நிறங்கள் இரண்டையும் மன்னித்துவிடும். அடர் பச்சை மன்னிக்காது.

அதனால் இந்த வழிகாட்டி கலர் கார்டில் தொடங்கவில்லை. செலவு செய்யும் வரிசையையும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் விளக்கு, அடுத்து சுவர், கடைசியில்தான் டப்பா.

விளக்கை மாற்றாமல் ஆரம்பிக்காதீர்கள்

ஒரு நிறம் தன் மேல் விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்ஆர்வி என்ற எண்ணால் சொல்கிறார்கள். சாதாரண ஆஃப் ஒயிட் சுவருக்கு இது 75, 80 என்று இருக்கும். அடர் பச்சைகளில் பெரும்பாலானவை 12-க்குக் கீழே, சில 5 பக்கம்கூட வரும். பெரிய கம்பெனிகளின் இணையதளத்தில் ஷேட் பெயரைத் தேடினால் சில நேரம் இந்த எண் கிடைக்கும். இதன் நடைமுறை அர்த்தம் எளிது: இதுவரை உங்கள் ஹாலில் ஒரே ஒரு டியூப் லைட் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், நான்கு வெள்ளைச் சுவர்களும் அந்த வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததுதான். அதில் ஒரு சுவரை அடர் பச்சையாக்கினால் அந்தச் சுவர் தன் பங்கைக் கொடுப்பதை நிறுத்திவிடும்.

அடுத்தது ஒளியின் நிறம். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் 'கூல் டேலைட்' பல்புதான் எரிகிறது. பளிச்சென்று இருந்தால்தான் நல்ல வெளிச்சம் என்று பழகிவிட்டோம். அந்த நீலம் கலந்த வெள்ளையில் அடர் பச்சை உயிர் போனதுபோல் ஆகிவிடும். நீலச் சாயல் உள்ள பச்சை சாம்பல் கலந்த கறுப்பாகவே தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான 'வார்ம் ஒயிட்' பல்பில் அதே சுவர் கனிந்து வரும். மஞ்சள் வெளிச்சமே ஆகாது என்பவர்கள் வீட்டில் இருந்தால் 4000 கெல்வினில் சமாதானம் செய்துகொள்ளலாம். பல்பு பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

பல்பை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். சீலிங்கை ஒட்டி அதே சுவரில் டியூப் லைட் மாட்டியிருந்தால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்கும். பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழல் போட்டுக் காட்டும். அந்த லைட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, பச்சைச் சுவர்ப் பக்கம் ஒரு ஸ்டாண்டு விளக்கோ, ஐந்தரை அடி உயரத்தில் ஒரு ஜோடி சுவர் விளக்கோ வையுங்கள். வயரிங் புதிதாக இழுக்க வேண்டுமென்றால் அதற்குரிய காடி வெட்டும் வேலை பட்டிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் முதலில், பெயிண்டர் பிறகு. இந்த வரிசை மாறினால் இரண்டு பேருக்கும் இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

எந்தச் சுவர்

ஜன்னல் இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள். பகலில் ஜன்னல் வழியாக வெளிச்சம் கண்ணில் அடிக்கும். அதைச் சுற்றியிருக்கும் சுவர் அடர் பச்சையாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கண்ணைக் களைக்க வைக்கும், சுவரின் நிறமும் தெரியாது. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரோ, பக்கவாட்டுச் சுவரோதான் சரி. ஒளி நேராக வந்து விழும்போதுதான் பச்சை தன் ஆழத்தைக் காட்டும்.

திசை விஷயத்தில் வெளிநாட்டு அலங்காரப் பத்திரிகைகளை நம்பி ஏமாறாதீர்கள். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது, தெற்கு ஜன்னலில் வருஷம் முழுக்க வெயில் என்று அவற்றில் எழுதியிருப்பது லண்டனுக்குப் பொருந்தும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக இறங்கும். ஆக, வடக்கு தெற்கு என்பதைவிட இங்கே கவலைப்பட வேண்டியது மேற்கு ஜன்னல்தான். மாலை நான்கு மணி வெயிலின் ஆரஞ்சு நிறம் பட்டால் மஞ்சள் சாயல் உள்ள பச்சை பழுப்பாகத் தெரியும். போதாததற்கு, நேர் வெயில் விழும் அடர் நிறச் சுவர் சூடும் பிடிக்கும். மேற்கு வெயில் விழும் அறையில் சற்றே நீலம் கலந்த பச்சைக்குப் போங்கள், அல்லது கெட்டியான திரை போடுங்கள்.

வெளிச்சுவருக்கு அடர் பச்சை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்து வெப்பத்தைக் குறைக்கப் பாடுபடுகிற ஊரில், பகல் முழுக்க வெயில் தின்னும் சுவரை நாமே உண்டாக்குவது அர்த்தமில்லாதது. வெளுத்துப்போவதும் அடர் நிறத்தில்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

உள்ளே, கட்டிலின் தலைமாட்டுச் சுவர், சாப்பாட்டு மேஜைக்குப் பின்சுவர், படிக்கும் அறை, பூஜை இடத்தின் பின்சுவர் ஆகியவை நன்றாக வரும் இடங்கள். டிவி சுவரும் பொருந்தும், அணைத்து வைத்த டிவியின் கறுப்புச் செவ்வகம் பச்சைக்குள் அமுங்கிவிடும் என்பதால். ஆனால் அதே சுவரில் வெள்ளை ஏசி தொங்கினால் யோசியுங்கள். வெள்ளைச் சுவரில் இருந்த இடம் தெரியாமல் இருந்த ஏசி, அடர் பச்சையில் வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் குத்தும். சுவிட்ச் போர்டும் இதே கதைதான். மாடுலர் சுவிட்ச் என்றால் பிளேட்டை மட்டும் சாம்பல் நிறத்திலோ கறுப்பிலோ மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

ஒரு சுவரா, முழு அறையா? பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு ஜன்னல் என்றால் ஒரு சுவரோடு நிறுத்துங்கள். இரவில் மட்டும் புழங்கும் படுக்கையறை, புத்தக அறை என்றால் நான்கு சுவரையும் அடித்துப் பார்க்கத் துணியலாம். ஒரு சுவர் மட்டும் அடர்த்தியாக இருப்பதைவிட அது உண்மையில் அமைதியாக இருக்கும்.

பாதிச் சுவர் அடிப்பது மூன்றாவது வழி. கீழே பச்சை, மேலே கிரீம். இதில் ஒரு ஆபத்து உண்டு. பள்ளிக்கூட வராந்தாக்களிலும் தாலுகா ஆபீஸ்களிலும் கீழ்ப் பாதிக்கு அடர் நிற எனாமல் அடித்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. சரிபாதியில் கோடு போட்டால் அந்த ஞாபகம்தான் வரும். கோட்டை ஜன்னலின் அடிமட்டத்தோடு சேர்த்து மூன்று, மூன்றரை அடியில் நிறுத்துங்கள். இல்லையென்றால் துணிந்து நிலைவாசல் உயரமான ஏழடி வரை ஏற்றிவிடுங்கள். பளபளப்பு எனாமலையும் தவிர்த்தால் ஆபீஸ் வாடை போய்விடும்.

எந்தப் பச்சை

இதற்குக் கலர் வீல் எல்லாம் வேண்டாம், பட்டுப் புடவைக் கடையில் நின்ற அனுபவம் போதும். பாட்டில் பச்சை, மயில் கழுத்து, பாசிப் பச்சை, இலைப் பச்சை என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்துச் சொல்வது அத்தனையும் சாயல் கணக்குதான். பாட்டில் பச்சையில் கறுப்பு கலந்திருக்கும். எந்த அறைக்கும் ஓரளவு பொருந்தும், வெளிச்சம் குறைந்தால் மட்டும் கறுப்பாகிவிடும். மயில் கழுத்துப் பக்கம் போகும் பச்சையில் நீலம் இருக்கும். வார்ம் லைட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பாசிப் பச்சையில் மஞ்சளும் பழுப்பும் உண்டு. தேக்கு, பிரம்பு, காவித் தரை உள்ள பழைய வீடுகளுக்கு இதுதான் முதல் தேர்வு.

ஜோடி நிறங்களுக்கும் காஞ்சிபுரம் பார்டரையே பின்பற்றலாம். பாட்டில் பச்சைக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், சரிகைப் பொன் ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்தவை. புடவையில் பார்டர் எவ்வளவு அகலமோ அந்த விகிதத்தில்தான் அறையிலும் இருக்க வேண்டும். இரண்டு மெத்தை உறை, ஒரு ஜமக்காளம், அவ்வளவே.

நான்கைந்து ஷேட்டுகளைக் குறித்துக்கொண்டபின் சாம்பிள் டப்பா வாங்குங்கள். 200 மில்லி அளவில் கலந்து தருகிற கடைகள் உண்டு. சுவரில் நேராகப் பூசாமல், இரண்டு பெரிய சார்ட் அட்டைகளில் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிட்டு, சுவரில் ஒட்டிப் பாருங்கள். பழைய சுவரின் மஞ்சள் நிறம் சுற்றிலும் தெரிந்தால் கண் ஏமாறும் என்பதால் அட்டையின் ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டுவிடுங்கள். காலை, மதியம், விளக்கு போட்ட பின் என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தபின் ஒரு படி அடர்த்தியாகும். அதனால் பூசிய ஐந்து நிமிடத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரண்டு ஷேட்டுக்கு நடுவில் மனம் தடுமாறினால் வெளிர்ந்ததை எடுங்கள். சின்ன அட்டையில் சாதுவாக இருக்கும் பச்சை, 120 சதுர அடியில் இரட்டிப்பு அடர்த்தியாகத் தோன்றும்.

சுவரில் ஈரம் இருக்கிறதா

சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் தரைத்தளச் சுவர்களின் கீழ் மூன்றடி எப்போதும் சந்தேகத்துக்குரியது. தரையிலிருந்து ஈரம் ஏறி, சிமெண்டில் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து பூக்கவிடும். வெள்ளைச் சுவரில் அந்த உப்பு பல மாதம் கண்ணில் படாது. அடர் பச்சையில் முதல் மழைக்கே வெண்ணிறத் திட்டாக வந்து நிற்கும்.

ஒரு சோதனை: இரண்டடிக்கு இரண்டடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்தால் ஷீட்டின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ, உள்ளே ஈரம் இருக்கிறது. அதற்குமேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் வீண். குளியலறைக் குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா, மாடி ஒழுகலா என்று மூலத்தைக் கண்டுபிடித்து அடைத்து, காயவிட வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாளாவது ஆற வேண்டும். அவசரப்பட்டால் சிமெண்டின் காரம் நிறத்தைக் கடித்து வெளிறச் செய்யும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டியும் காயாது, பெயிண்டும் காயாது. பொங்கலுக்கு முன்பு எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பு நடப்பதால் நல்ல பெயிண்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை செய்வார். தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை தோதான நேரம். கத்திரி வெயிலில் வேறு சிக்கல்: ரோலர் அடுத்த பட்டைக்குப் போவதற்குள் முந்தைய பட்டை காய்ந்து, சேரும் இடம் கோடாகத் தெரியும்.

பழைய பச்சைக் கதவு, ஜன்னல் இருந்தால்

இந்த ஒரு பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஜன்னல் கம்பி, கதவு, நிலை எல்லாம் பச்சை எனாமலில் இருக்கும். அந்தக் காலத்துப் பச்சை எனாமல்களில் ஈயம் கலந்த நிறமிகள் சாதாரணம். மஞ்சளுக்கு லெட் குரோமேட், அதோடு நீலம் சேர்த்தால் பச்சை. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் எதுவானாலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அப்படிப்பட்ட பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, தீ ஜ்வாலை காட்டி உரிக்கவும் கூடாது. தூசியும் புகையும்தான் ஆபத்து, அதிலும் குழந்தைகளுக்கு. உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சும்மா விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் மேலோட்டமாகத் தேய்த்து, அதன்மேல் ப்ரைமர் அடித்து மூடிவிடுவது நல்லது. உரிந்து விழும் இடத்தையும் ஈரப்படுத்தியே சுரண்டி, விழுந்ததைப் பேப்பரில் சேகரித்துக் கட்டிப் போடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பச்சைக்கும் விஷத்துக்கும் பழைய உறவு உண்டு. 1775-ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே உருவாக்கிய பச்சையில் ஆர்சனிக் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது சுவர்த்தாள்களில் ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 1930-களில் தாலோசயனைன் பச்சை சந்தைக்கு வந்தபின்தான் இப்போது நாம் பார்க்கும் ஆழமான, வெயிலுக்கு எளிதில் வெளுக்காத பச்சை சகஜமானது.

பட்டி: இங்கேதான் காசு போக வேண்டும்

இரண்டு கோட்டிங் பட்டி, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் தேய்ப்பு. முதல் தேய்ப்புக்கு 180 நம்பர், கடைசித் தேய்ப்புக்கு 320 நம்பர் உப்புத்தாள். இதெல்லாம் பெயிண்டருக்குத் தெரியும். அவர் வழக்கமாகச் செய்யாத ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும்.

கடைசிப் பட்டி தேய்த்து முடித்த அன்று சாயங்காலம் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் பட்டித் தகடு இழுத்த வளைவுகள், ஆணி ஓட்டை அடைத்த மேடுகள், வயரிங் காடியை மூடிய நீண்ட பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பேனா வேண்டாம், மை மேலே கசிந்து வரும். மறுநாள் காலை பெயிண்டர் முதலில் முகம் சுளிப்பார்: "சார், இதெல்லாம் பெயிண்ட் அடிச்சா மூடிடும்." "வெள்ளைன்னா மூடும்ணே, இது டார்க் கலரு. இந்த வட்டம் மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க" என்று தன்மையாகச் சொன்னால் செய்துவிடுவார். அரை நாள் வேலை, ஆனால் முடிவில் தெரியும் வித்தியாசத்தில் பாதி இதனால்தான்.

தேய்த்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு ப்ரைமர் ஒரு கோட்டிங். வெள்ளை ப்ரைமர் மேல் நேரடியாக அடர் பச்சை அடிப்பதுதான் பொதுவாக நடப்பது. அதைவிட, இடையில் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் மலிவான எமல்ஷன் ஒரு கோட்டிங் அடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். காரணம் அடுத்த பகுதியில்.

என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது

கடை மெஷினில் கலர் கலக்க அடிப்படையாக எடுக்கும் பெயிண்டை 'பேஸ்' என்பார்கள். வெளிர் நிறத்துக்குரிய பேஸில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். கீழே இருப்பதை மறைக்கும் வேலையைச் செய்வது அதுதான். அடர் நிறத்துக்கு அந்த வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளிறிவிடும் என்பதால், 'டீப் பேஸ்' வகைகளில் அது மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆகவே பார்க்க இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் பெயிண்டுக்கு மறைக்கும் சக்தி குறைவு. இரண்டு கோட்டிங்கில் திட்டு தெரிவது பெயிண்டரின் குற்றமல்ல, பெயிண்டின் குணம். அடியில் சாம்பல் இருந்தால் மூன்றாவது கோட்டிங்கில் நிறம் நிரம்பி நிற்கும். வெள்ளை மட்டும் இருந்தால் நான்காவது கேட்கும். பெயிண்டரிடம் கூலி பேசும்போதே மூன்று கோட்டிங் என்று சொல்லிப் பேசிவிடுங்கள்.

12 அடி அகலம், 10 அடி உயரச் சுவர் 120 சதுர அடி. பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டருக்கு இரண்டு கோட்டிங் கணக்கில் ஏறக்குறைய 120 முதல் 140 சதுர அடி வரும். மூன்று கோட்டிங்குக்கு ஒன்றரை லிட்டர், ஆக இரண்டு ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்ச வேண்டும். இரண்டு டப்பாவையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா வரும் மெல்லிய வேறுபாடு வெளிர் நிறத்தில் தெரியாது. இதில் சுவரின் நடுவே கோடு கிழித்ததுபோல் தெரியும்.

ஃபினிஷ் விஷயத்தில் இரு பக்கமும் இடி. முழு மேட் ஃபினிஷ்தான் அடர் பச்சைக்கு அழகு. ஆனால் கை பட்டால், சாய்ந்தால், நாற்காலி உரசினால் அந்த இடம் மட்டும் மினுமினுக்கும். பளபளப்பு ஃபினிஷ் துடைக்க எளிது. ஆனால் பட்டியின் குறையையும் பல்பின் பிம்பத்தையும் சேர்த்துக் காட்டும். ஆள் நடமாட்டம் குறைந்த சுவருக்கு மேட், ஹாலுக்கும் குழந்தைகள் அறைக்கும் கழுவக்கூடிய மேட் அல்லது மெல்லிய ஷீன் என்பது என் சிபாரிசு.

அடிக்கும் நாள்

டப்பாவில் சொன்ன அளவுக்குமேல் தண்ணீர் ஊற்றவிடாதீர்கள். வேலை சுலபமாக ஓடும் என்று பெயிண்டர்கள் தாராளமாக ஊற்றுவது வழக்கம். டீப் பேஸில் அது மறைக்கும் சக்தியை இன்னும் குறைத்துவிடும்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். முதலில் சுவர் ஓரங்கள், சுவிட்ச் போர்டைச் சுற்றி எல்லாம் பிரஷ்ஷால் கட்டிங். நான்கு ஓரமும் கட்டிங் முடித்துவிட்டு டீ குடித்துவந்து ரோலரைத் தொட்டால், ஓரம் மட்டும் போட்டோ ஃப்ரேம் மாதிரி தனியாகத் தெரியும். ஒரு பக்கம் மூன்றடி கட்டிங், ஈரம் காய்வதற்குள் அந்த மூன்றடிக்கு மேலிருந்து கீழ் வரை ரோலர், பிறகு அடுத்த மூன்றடி என்று நகர வேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் அதை முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். ஒரு கோட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நான்கு மணி நேரம். காற்றில் ஈரப்பதம் இருக்கும் நாளில் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் விடுங்கள்.

சீலிங் சேரும் ஓரம் தனிக்கதை. நம் கட்டடங்களில் சீலிங்கும் சுவரும் சேரும் கோடு நேராக இருப்பது அபூர்வம். வெள்ளைச் சுவரும் வெள்ளை சீலிங்கும் அந்த வளைவை மறைத்து வைத்திருந்தன. வெள்ளை சீலிங்குக்குக் கீழே அடர் பச்சை வந்ததும் கோடு பாம்பு மாதிரி நெளியும். ஒரு வழி, பிஓபி கார்னிஸ், அதாவது அந்த ஓரத்தை மூடும் பிளாஸ்டர் பட்டை போடுவது. செலவில்லாத வழி, சீலிங்கிலிருந்து முக்கால் அங்குலம் கீழே மட்டம் பார்த்து நூல் அடித்து, அந்தக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பச்சையை அங்கேயே நிறுத்துவது. மேலே இருக்கும் வெள்ளைப் பட்டை சீலிங்கின் தொடர்ச்சியாகத் தோன்றும், நெளிவு தெரியாது. டேப்பைக் கடைசிக் கோட்டிங் முழுவதும் காய்வதற்கு முன்பே மெல்லச் சாய்வாக உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயிண்டும் தோலாகக் கூடவே வரும்.

சுவருக்கு முன்னால்

அடர் பச்சைச் சுவரின் முன் பித்தளை வைத்துப் பார்த்தவர்கள் அதன்பிறகு வேறு எதையும் தேட மாட்டார்கள். பரணில் கிடக்கும் குத்துவிளக்கு, உருளி, அண்டா எது இருந்தாலும் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து வையுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு இந்தப் பின்னணியில் எடுப்பாக இருப்பதுபோல் வெள்ளையில் இருக்காது. கறுப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோவை அகலமான வெள்ளை மவுண்ட் போட்டு மாட்டலாம். நவராத்திரியில் கொலுப் படிக்குப் பின்னால் தனியாகத் திரை கட்டும் வேலையும் மிச்சம்.

மரச்சாமான்களில் தேக்கும் பிரம்பும் முன்னுக்கு வரும். காப்பிப் பொடி நிற சோபாவும் கறுப்பு பீரோவும் சுவருக்குள் கரைந்துபோகும். திரைக்கு வெளுக்காத காடாத் துணி, தரைக்குப் பத்தமடைப் பாய் அல்லது பவானி ஜமக்காளம். தரை வெள்ளை டைல்ஸ் என்றால் ஜமக்காளம் கட்டாயம் வேண்டும். மேலே அடர்த்தியும் கீழே பளபளப்புமாக அறை இரண்டாகப் பிரிந்துவிடாமல் அதுதான் காப்பாற்றும்.

செடி வைக்க ஆசைப்படுவீர்கள். கரும்பச்சை இலைச் செடிகள் இந்தச் சுவரின் முன் காணாமல் போய்விடும். மஞ்சள் திட்டு போட்ட மணி பிளான்ட், குரோட்டன்ஸ் மாதிரி இலையிலேயே நிறம் உள்ளவற்றை வையுங்கள்.

வாடகை வீடு என்றால்

ஓனரிடம் கேட்காமல் அடிக்காதீர்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் பிடிப்பது ஏற்கெனவே வழக்கம். அடர் பச்சையை மறுபடி வெள்ளையாக்க ப்ரைமரும் இரண்டு மூன்று கோட்டிங்கும் தேவைப்படும் என்பதால் அந்தத் தொகையும் கூடும். அதற்குப் பதில் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றை வாங்கி, ப்ரைமர் அடித்துப் பச்சை பூசி, கட்டிலின் தலைமாட்டில் படுக்கைவசமாக நிறுத்திவிடலாம். வீடு மாறும்போது கூடவே வரும்.

அடித்து முடித்தபின்

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் எமல்ஷன் முழுமையாக இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை துடைக்க வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சோபாவைச் சுவரில் இடிக்க வேண்டாம். ஈரமான நாட்களில் புதுச் சுவரில் பிசுபிசுப்பான பழுப்புக் கோடுகள் வழிந்தால் பயப்படாதீர்கள். அடர் நிறப் பெயிண்டில் உள்ள சோப்புத் தன்மையுள்ள பொருள் மேலே வருவதுதான் அது. பெயிண்ட் இறுகியதும் வெறும் தண்ணீர் தொட்ட துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தால் போய்விடும்.

இனி வருவதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். அடர் பச்சையில் ஒட்டடை தெரியும், தூசி தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லி எச்சம் பளிச்சென்று தெரியும். டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி கூடும் இடத்தில்தான் பல்லியும் கூடும். விளக்கை அந்தச் சுவரிலிருந்து மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எச்சம் காய்ந்தபின் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ஈரத்துணி. ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் வெள்ளைக் கறை பரவும். இருட்டான பரப்பில் உட்காருவது கொசுவுக்கும் பிடிக்கும். அடிப்பதாக இருந்தால் பேட் வைத்து அடியுங்கள், சுவரோடு சேர்த்துக் கையால் அறைந்தால் மேட் ஃபினிஷில் அந்த அடையாளம் நிலைத்துவிடும். ஆயுத பூஜைக்குச் சுவரில் சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் இருந்தால், அந்தப் பொட்டை இந்த ஒரு சுவரில் தவிர்த்து நிலைவாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் இறங்கினால் எடுக்க முடியாது.

மிஞ்சிய பெயிண்டைக் காற்று இடமில்லாத சின்ன பாட்டிலில் நிறைத்து, மேலே ஷேட் நம்பர், பேஸ் பெயர், வாங்கிய தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். ஆணி ஓட்டை அளவு சேதத்துக்கு மெல்லிய ஓவிய பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் போதும். உள்ளங்கை அளவுக்குமேல் போனால் ஒட்டுப் போட்டதாகவே தெரியும். அப்போது மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட்டிங் அடித்துவிடுவதே வழி. அதற்கு அரை லிட்டர் தேவைப்படும், அரை நாள் ஆகும்.